பாடம் தேர்ந்தெடுக்க யாரைக் கேட்பது: ஆப், சீனியர், பேராசிரியர், ஆலோசகர்

கடைசி செமஸ்டருக்குப் பதிவு செய்ய வந்த மாணவன் கைபேசியை என் மேசைமேல் வைத்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு, ஏறக்குறைய முழுதாக நிரம்பியிருந்தது. 120 கிரெடிட்டில் 113 முடிந்துவிட்டது, 94 சதவீதம். பாக்கி இரண்டே பாடம். புள்ளியியல் 2, அதற்கு 3 கிரெடிட். இறுதியாண்டு ப்ராஜெக்ட், அதற்கு 4. "கடைசி செமஸ்டர் ஜாலியா போகும் சார்" என்றான்.

நான் டைம்டேபிளைத் திறந்தேன். புள்ளியியல் 2 ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். அப்போது தொடங்கவிருந்தது எட்டாவது. ப்ராஜெக்ட் இரட்டைப்படையில் மட்டும். அதில் சேர வேண்டுமென்றால் புள்ளியியல் 2 முடித்திருக்க வேண்டும். ஆக, எட்டாவதில் அவன் படிக்க ஒன்றுமே இல்லை. ஒன்பதாவதில் புள்ளியியல், பத்தாவதில் ப்ராஜெக்ட். பாக்கியிருந்த ஆறு சதவீதம் ஒரு முழு வருடத்தைத் தின்றுவிடும் போலிருந்தது.

எங்கே தவறியது என்று இருவரும் பின்னோக்கிப் போனோம். ஐந்தாவது செமஸ்டரில் புள்ளியியல் அவன் பட்டியலில் இருந்திருக்கிறது. "ஆறு பாடம் அதிகம்பா, புள்ளியியலை அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். ஏழாவதில் எடுக்கப் போனபோது, "இந்தத் தடவை நடத்துறவர் ரொம்பக் கறார், அடுத்த தடவை எடு" என்று ஒரு சீனியர் தடுத்திருக்கிறார். ஆப் இரண்டு முறையும் சும்மா இருந்தது. எந்த விதியும் மீறப்படவில்லையே, அது எதற்குச் சிவப்பு காட்டும்? மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கான பதில் எங்கள் மூவரிடமும் இல்லை.

அன்றிலிருந்து "யாரைக் கேட்கலாம் சார்?" என்று யாராவது வந்தால், "என்ன கேட்கப்போகிறாய்?" என்று திருப்பிக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பட்டப்படிப்பைத் திட்டமிடுவது என்பதற்குள் பல கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. இந்தப் பாடம் கணக்கில் வருமா? எந்த வரிசையில் எடுப்பது? ஒரே செமஸ்டரில் இந்த மூன்றையும் தாங்க முடியுமா? இந்தப் படிப்பே எனக்குச் சரிதானா? ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு.

டெர்ரி ஓபேனியன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1972இல் இதற்கு ஒரு வரிசை சொன்னார். முதலில் வாழ்க்கையில் என்ன வேண்டும் என்பது, அடுத்து என்ன தொழில், பிறகு எந்தப் படிப்பு, அதற்குள் எந்தெந்தப் பாடம், கடைசியாக டைம்டேபிள். நம்மிடம் வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பதிவு மூட இரண்டு நாள் இருக்கும்போது, "செவ்வாய்க்கிழமை காலையில் எது காலியாக இருக்கிறது?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். குறை சொல்ல முடியாது. கதவு மூடும் நேரத்தில் வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். முதலில் ஆப்.

உங்கள் பட்டத்துக்கான விதிகளையும் நீங்கள் முடித்த பாடங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டுகிற மென்பொருள் இப்போது பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. விதியைப் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. சோர்வடையாது, நள்ளிரவிலும் பதில் சொல்லும், கூட்டலில் தப்பு செய்யாது. ஆனால் அந்தச் சதவீதக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். அது எண்ணுவது கிரெடிட்டை. உங்களுக்குத் தேவை காலம். ஒரு செமஸ்டரில் சேர்ந்து முடிகிற ஐந்து பாடமும், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடிகிற ஐந்து பாடமும் அந்தக் கோட்டில் ஒரே நீளம்தான் தெரியும். பின்னது குறைந்தது ஐந்து செமஸ்டர்.

ஆப் அறிக்கையில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. எந்தப் பாடம் எந்தப் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முதன்மைப் பாடத்துக்கு என்று நினைத்து நீங்கள் எடுத்த ஒன்று "பொது விருப்பப் பாடம்" என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும், கோடு பச்சையாகவே இருக்கும், ஆனால் முதன்மைப் பாடப் பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கும். அது கடைசி வருடத்தில்தான் கண்ணில் படும். செமஸ்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் படித்தால் போதும்.

ஏஐ சாட்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தனியாகப் பேச அவ்வளவு இல்லை. இரண்டு துறைகளை ஒப்பிட்டு விளக்கச் சொன்னால், ஆலோசகரிடம் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போடச் சொன்னால் நன்றாகவே செய்கிறது. உங்கள் கல்லூரியின் பாடக் குறியீடு, முன்தேவைப் பாடம், எந்த செமஸ்டரில் நடக்கும் என்று கேட்டால் இல்லாத பாடத்துக்கும் அழகாக ஒரு எண் கொடுத்துவிடும். கையேட்டை அதனிடம் கொடுத்துக் கேட்டாலும், சொன்ன பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே நம்புங்கள்.

அடுத்து சீனியர். பேராசிரியர்கள் சீனியர்களின் அறிவுரையை மட்டமாகப் பேசுவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயம் அவர்களிடம்தான் இருக்கிறது. இரண்டு ஆய்வகப் பாடத்தை ஒரே செமஸ்டரில் எடுத்தால் என்ன ஆகும், எந்தப் பாடத்தில் வாராவாரம் எழுத வேண்டியிருக்கும், எதில் முதல் மாதத்தைக் கோட்டைவிட்டால் கடைசிவரை எழுந்திருக்க முடியாது என்பதெல்லாம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பாடத்தின் பாரம் எவ்வளவு என்ற கேள்விக்கு அவர்களை விட்டால் வேறு ஆளில்லை.

ஆனால் விதியைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள். காரணம் எளிது. பல இடங்களில் நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேடுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவருக்கு வேறு கையேடு. நடுவில் ஒரு பாடத்தை எடுத்திருப்பார்கள், ஒன்றைச் சேர்த்திருப்பார்கள், இரண்டு கிரெடிட் பாடத்தை மூன்றாக்கியிருப்பார்கள். "நாங்க எல்லாம் அதை எடுக்கவே இல்லையே" என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவைப்படலாம். இன்னொன்று, உங்களிடம் பேசுகிற சீனியர் அந்தப் பாடத்தில் ஒருவராகத்தான் இருந்தார். "கறார்" என்று ஒருவர் சொன்ன ஆசிரியரை இன்னொருவர் "நல்லாப் புரிய வைப்பார்" என்று சொல்வதை நான் ஒரே வராந்தாவில் கேட்டிருக்கிறேன். மூன்று பேரிடமாவது கேளுங்கள். அதில் ஒருவராவது அந்தப் பாடத்தில் உங்களைப் போலவே தடுமாறியவராக இருக்கட்டும்.

சரி, பேராசிரியர். நான் அந்த இனம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

மாணவர்களுக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்த பிறகுதான் ஆலோசனை என்பதற்கே பெரிய தேவை வந்தது. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், நாற்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து விருப்பப் பாட முறையைப் பரவலாக்கினார். அதற்கு முன் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பாட வரிசை. அங்கே கேட்க என்ன இருக்கிறது? கதவுகளைத் திறந்துவிட்ட பிறகு, எந்தக் கதவு என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. கையருகில் இருந்தவர்கள் பேராசிரியர்கள். பல இடங்களில் இன்றும் அவர்கள்தான்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் துறை. இந்தப் பாடம் எதற்காக இருக்கிறது, இது இல்லாமல் மேற்படிப்புக்குப் போனால் எங்கே திணறுவீர்கள், ஆராய்ச்சியில் நுழைய எந்த வருடத்தில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், உங்கள் கேள்விக்கு உண்மையில் பக்கத்துத் துறைதான் வீடா என்பதையெல்லாம் நாங்கள் சொல்வோம். சிபாரிசுக் கடிதம் எழுதப்போவதும் நாங்கள்தான். மூன்றாம் ஆண்டில் முதல்முறையாக வந்து முகத்தைக் காட்டும் மாணவருக்கு நான் என்ன எழுத முடியும்? முதலாண்டிலேயே வந்து அரைமணி நேரம் பேசியவரைப் பற்றி எழுதுவதற்கு ஏதாவது இருக்கும்.

எங்களுக்குத் தெரியாதது எங்கள் துறைக்கு வெளியே இருக்கும் எல்லாம். பொதுப்பாட விதி, வேறு கல்லூரியிலிருந்து வந்த கிரெடிட், உதவித்தொகை நிபந்தனை, பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி. இதையெல்லாம் கேட்டால் எங்களில் பலர் "இருக்கும்னு நினைக்கிறேன்" என்போம். அந்த "நினைக்கிறேன்" காதில் விழுந்ததும் நோட்டை மூடிவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். நான் அந்த மாணவனிடம் ஐந்தாவது செமஸ்டரில் சொன்னதும் அந்த ரகம்தான். ஆறு பாடம் அதிகம் என்பதைப் பார்த்தேன். அது ஒரு ஆசிரியரின் கண். எந்தப் பாடத்தை விட்டால் பின்னால் எது நகரும் என்று பார்க்கவில்லை. இன்னொரு கோளாறும் எங்களிடம் உண்டு: நாங்கள் அந்தத் துறையை நேசித்து அதிலேயே தங்கிவிட்டவர்கள். துறையை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிற மாணவருக்கு நடுநிலையாகப் பதில் சொல்ல எங்களால் முடியுமா என்பது சந்தேகமே.

அப்படி யோசிப்பது அபூர்வமும் அல்ல. அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017இல் வெளியிட்ட கணக்கில், இளநிலைப் பட்டம் படிப்போரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சேர்ந்த மூன்று ஆண்டுக்குள் முதன்மைப் பாடத்தை மாற்றியிருந்தார். கணிதத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேல். மாற்றுவது தோல்வி அல்ல; எந்த செமஸ்டரில் மாற்றுகிறோம் என்பதில்தான் செலவு இருக்கிறது. இரண்டாவது செமஸ்டரில் மாற்றினால் எடுத்த பாடம் பெரும்பாலும் பொதுப்பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ கணக்கில் வந்துவிடும். ஆறாவதில் மாற்றினால் விருப்பப் பாடப் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சமெல்லாம் வெறும் அனுபவம்.

இந்த மாதிரிச் சிக்கலுக்குத்தான் முழுநேர ஆலோசகர். பாடம் நடத்தாமல் இதையே வேலையாகச் செய்பவர். எல்லாத் துறை விதிகளையும் தினமும் புரட்டுவதால், எந்தப் பாடத்துக்கு எது மாற்று, எந்த விண்ணப்பத்தில் யார் கையெழுத்து வேண்டும், எந்த விதி வளையும், எது வளையாது என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும். எந்தத் துறைமேலும் அவருக்குத் தனிப் பாசம் கிடையாது. துறை மாற நினைப்பவர், வேறு கல்லூரியிலிருந்து வந்தவர், அரியர் வைத்திருப்பவர் ஆகிய மூவரும் யோசிக்காமல் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். மாறி வருகிறவர்களைப் பற்றி ஒரு எண்: அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டபடி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள். அதனால் மாறுவதற்கு முன்பே, போகப்போகிற இடத்தின் ஆலோசகரிடம் சிலபஸ் நகலோடு போய், எது ஏற்கப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் பேரம் பேச ஒன்றும் இருக்காது.

அவரிடம் இருக்கும் ஒரே பெரிய குறை, அவருக்கு நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல என்பது. 2011இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், முழுநேர ஆலோசகர் ஒருவருக்கு இடைநிலை அளவாக 296 மாணவர்கள். செமஸ்டருக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கினாலே 148 மணி நேரம். அதில் பெரும்பகுதி பதிவு நடக்கும் சில வாரங்களிலேயே வந்து குவியும். நீங்கள் வெறுங்கையோடு போனால் அந்த அரைமணியும் உங்கள் பழைய மதிப்பெண்ணைத் தேடித் திறப்பதிலேயே போய்விடும்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். 2007இல் ஏஎஸ்ஏபி என்ற திட்டத்தை அதன் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளில், தொடங்கினார்கள். ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள், அடிக்கடி கட்டாயச் சந்திப்பு. சீட்டுக் குலுக்கல் போல மாணவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தபோது, மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22. ஆனால் அதே திட்டம் கட்டணத்தில் விழுந்த துண்டையும் போக்குவரத்துச் செலவையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொண்டது. முழுப் பெருமையையும் ஆலோசகர் தலையில் கட்டக் கூடாது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வேறு வழி எடுத்தது: 800க்கும் மேற்பட்ட எச்சரிக்கை அறிகுறிகளைக் கணினி தினமும் பார்க்கும், தவறான பாடத்துக்குப் பதிவு செய்தாலோ முக்கியப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தாலோ ஆலோசகரே மாணவரைக் கூப்பிடுவார். இயந்திரம் கண்டுபிடிக்கும், மனிதர் பேசுவார். உங்கள் கல்லூரியில் அப்படி யாரும் கூப்பிடவில்லை என்றால், அந்தக் கூப்பிடும் வேலையும் உங்களுடையதுதான்.

கடைசி வழி, யாரையும் கேட்காமல் தானே கையேட்டை வைத்துக்கொண்டு திட்டம் போடுவது. இதைச் செய்துவிட்டு மற்றவர்களிடம் போவதே சரியான வரிசை என்பது என் கட்சி. ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு தாளில் எட்டுக் கட்டம் போடுங்கள். உங்கள் படிப்பு ஆறு செமஸ்டர் என்றால் ஆறு. முதல் கட்டத்தில் தொடங்காதீர்கள், கடைசிக் கட்டத்தில் தொடங்குங்கள். அங்கே ப்ராஜெக்ட்டை எழுதுங்கள். அதற்கு முன்தேவை என்ன? அது எந்த செமஸ்டரில் நடக்கும்? அந்தக் கட்டத்தில் எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அதன் முன்தேவை, அதற்கும் முன்தேவை. இப்படியே பின்னால் வந்தால் ஒரு சங்கிலி கிடைக்கும். மிக நீளமான சங்கிலி எதுவோ அதுதான் உங்கள் பட்டத்தின் உண்மையான நீளம். அந்தச் சங்கிலியில் உள்ள பாடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பாரம் தாங்காமல் ஒன்றைக் கைவிட வேண்டிய நாள் வந்தால், வட்டமிடாத ஒன்றைக் கைவிடுங்கள். என் மாணவனின் தாளில் புள்ளியியல் 2 சிவப்பு வட்டத்துக்குள் இருந்திருக்கும்.

கூட்டல் கணக்கையும் அதே தாளில் போட்டுவிடலாம். 120 கிரெடிட்டை எட்டால் வகுத்தால் 15. அமெரிக்காவில் கல்வி உதவித்தொகைக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். எட்டு முறை 12 எடுத்தால் 96; இன்னும் 24 பாக்கி, அதாவது இன்னும் இரண்டு செமஸ்டர். "முழுநேரம்" என்ற வார்த்தையை நம்பி நான்கு வருடத்தில் முடியும் என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். ஐரோப்பிய முறையில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120, நான்காண்டுக்கு 160 என்கிறது. எண் எதுவானாலும் வகுத்துப் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இந்த வகுத்தலை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். செமஸ்டருக்கு 9தான் முடியும் என்றால் அது தவறே இல்லை, ஆனால் 120க்கு அது பதினான்கு செமஸ்டர் என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

தானே போடும் திட்டத்தின் ஆபத்து, கையேட்டில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று நம்பிவிடுவது. சில பாடங்கள் கையேட்டில் அச்சாகிக்கொண்டே இருக்கும், வகுப்பில் நடந்து பல காலம் ஆகியிருக்கும். அதனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போய், "இதில் எந்தக் கோடு பொய்?" என்று கேளுங்கள். "நான் என்ன எடுக்கட்டும்?" என்று கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு பாடப் பட்டியல். முன்னதைக் கேட்டவரின் தாளை என்னாலும் அவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கொடுத்துவிட முடிந்ததில்லை. பேசி முடித்ததும், பேசியதை நாலு வரியில் அவருக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடம் அவர் இருக்கையில் வேறொருவர் இருந்தாலும் அந்த நாலு வரி இருக்கும்.

அந்த மாணவனை நான் ஆலோசனை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூடவே போனேன், மனசு கேட்கவில்லை. அங்கிருந்த அம்மா திரையைக்கூட அதிகம் பார்க்கவில்லை. பொருளியல் துறையில் இதே அளவு புள்ளியியல் இரட்டைப்படை செமஸ்டரில் நடக்கிறது, மாற்றுப் பாட விண்ணப்பம் போட்டால் ஏற்பார்கள் என்றார். ப்ராஜெக்ட்டைப் பருவம் தாண்டி ஒன்பதாவது செமஸ்டரில் செய்ய ஒரு வழிகாட்டி சம்மதிக்க வேண்டும், அதற்குத் தனிப் படிவம். இரண்டு செமஸ்டர் தாமதம் ஒன்றாகக் குறைந்தது. அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. முதல் படிவத்தில் துறை சார்பாக ஒரு கையெழுத்து, இரண்டாவதில் வழிகாட்டியின் கையெழுத்து. இரண்டையும் என் பக்கம் தள்ளி, பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.